மைக்கம்மா எழுதிய ரத்தப் பரீட்சை

இந்த ஊரில் என் மனைவியின் குரலைக் கேட்காத காது இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. பேருந்து நிலையத்தின் நட்டநடுவில், எல்லா நடைமேடைகளுக்கும் பொதுவாக ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், மாடியிலிருக்கும் நேர அலுவலகத்தோடு பேச ஒரு இன்டர்காம், திரும்பும்போதெல்லாம் கிறீச்சிடும் ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியில் அவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, எப்போது கிளம்பும் என்று சொல்வது அவள் வேலை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சேர்ந்து அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் வேறொரு பெயர் இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவளுடைய அறிவிப்பில் 'தாமதம்' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. வண்டி வரவில்லை என்றால், பாகில் தோய்த்த குரலில், "பேருந்து சற்று நேரத்தில் புறப்படும். தேநீர் அருந்த விரும்பும் பயணிகள் அருந்திவிட்டு வரலாம்" என்பாள். வண்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"இது பொய் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ் வரலன்னு சொன்னா கூண்டைச் சுத்தி நின்னு கத்துவாங்க. டீ குடிங்கன்னு சொன்னா சமத்தா போய்க் குடிப்பாங்க. அவங்க குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் வந்துரும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்திருந்த புதிது. அறிவிப்பை நம்பி டீக்கடைக்குப் போனேன். கொதிக்கும் டீயை ஊதிக்கொண்டிருக்கையில் என் பேருந்து வந்தது, நின்றது, போனது. கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடியே கூண்டுக்குச் சண்டை போடப் போனேன். அவள் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டீ எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அடுத்த பஸ் எப்ப?"

"சற்று நேரத்தில்."

"அப்ப நான் இன்னொரு டீ குடிக்கணும்?"

"குடிங்க. அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லிடுங்க."

சொன்னேன். அந்த வருடமே கல்யாணம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா இதை எல்லோரிடமும், "என் தம்பி பஸ்ஸைத்தான் விட்டான், மாட்டிக்கிட்டது இவகிட்ட" என்று சுருக்கமாகச் சொல்லுவாள்.

கூண்டைச் சுற்றிப் பேருந்துகள் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நிற்கும். ஓட்டுநர்களிடம் கேட்டால், அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பார்கள். நடத்துநர்களிடம் நேரச் சீட்டு வாங்கவும் பயணிகளின் விசாரணைக்குப் பதில் சொல்லவும் கூண்டின் சன்னல் எந்நேரமும் திறந்திருக்கும். வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவள், அத்தனை வண்டிகளின் புகையையும் வருடக்கணக்கில் இழுத்தாள். முதலில் இருமல். பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரிலிருக்கும் காலண்டரை ஆராய்வதுபோல் நடிப்பு. கடைசியில் நுரையீரல் டாக்டர். மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, பழையபடி விரியாது, மருந்தோடு ஒழுங்காக இருந்தால் ஓட்டிவிடலாம் என்றார் அவர். பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: நன்றாக இருக்கும்போதே நோய் திடீரென்று சீறி எழுந்து மூச்சை அடைக்கும், அப்படி ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் நுரையீரலில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுபோய்விடும்.

"டைம்டேபிள்ல இல்லாத வண்டி" என்று அதற்கு அவள் பெயர் வைத்தாள்.

ஒரே வருடத்தில் அந்த வண்டி இரண்டு முறை வந்தது. முதல் தடவை வீட்டில் மாத்திரையோடு போயிற்று. இரண்டாம் தடவை மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே இன்டர்காம் அலறியது. மாடியில் நேரக் காப்பாளர். வண்டிகளின் நேரத்தைக் குறித்து அவளுக்குச் சொல்வது அவர் வேலை. அதில் குறை கண்டுபிடிப்பது இவள் வேலை. எத்தனையோ வருடமாக இருவரும் அந்த ஒயரின் இரு முனைகளில் சண்டை போட்டு வந்தார்கள்.

"மைக்கம்மா, மேனேஜர் ஒரு ஆர்டர் போட்டிருக்காரு."

"ஊதிய உயர்வா?"

"ஊர்வலம். டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரணுமாம். உனக்கு மறுபடி இப்படி வர வாய்ப்பு எவ்வளவுன்னு. அதிகம்னு எழுதியிருந்தா உன்னைப் பழைய ரெக்கார்ட் ரூமுக்கு மாத்திடுவாங்க."

"அங்க மைக் இருக்கா?"

"கரப்பான் பூச்சி இருக்கு. அறிவிப்பு குடு, கேக்கும்."

அன்று மாலை அவள் சிரிக்காமல் வீட்டுக்கு வந்தாள். ரெக்கார்ட் ரூம் என்பது நிலையத்தின் பின்பக்கம், கிழிந்த கட்டுகள் அடுக்கிய, நாள் முழுக்கப் பேச ஆளில்லாத ஓர் அறை. "என்னங்க, நான் அங்க உக்காந்தா நோய் வேற வேணாம், வாய் மூடியே செத்துருவேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாற்காலிதான் அவளுக்கு எல்லாம் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசையில் தேடும் பழக்கம் உண்டு. விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, "ரத்தம் எடுத்துப் பார்ப்போம். நீங்க இப்ப அமைதியா இருக்குற நேரம், இப்பப் பார்த்தாதான் சரியா தெரியும்" என்றார்.

"ரத்தத்துல என்ன டாக்டர் தெரியும்? வண்டி வர்றது தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். வெள்ளை அணுவுல இயோசினோஃபில்னு ஒரு வகை இருக்கு. உங்களை மாதிரி ஏற்கெனவே மூச்சுமுட்டல் வந்தவங்களுக்கு அது கூடுதலா இருந்தா, மறுபடி வர அபாயம் அதிகம். உடம்புக்குள்ள அழற்சி எவ்வளவு இருக்குன்னு காட்டுற வேற ரெண்டும் பார்ப்போம். ஆனா ரத்தத்தை மட்டும் வெச்சு ஜோசியம் சொல்ல மாட்டேன். போன வருஷம் எத்தனை தடவை படுத்தீங்கங்கிறதுதான் பெரிய கணக்கு. எல்லாத்தையும் சேர்த்துத்தான் லெட்டர் எழுதுவேன்."

"எவ்வளவு வந்தா பாஸ்?"

"இதுல பாஸ் ஃபெயில் கிடையாதும்மா."

"எல்லா டீச்சரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வீட்டில் சில அதிசயங்கள் நடந்தன. நான் எழுந்திருக்கும் முன்பே அவள் எழுந்து, அலமாரியில் இருந்த துணியை எல்லாம் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முழு ரொட்டிப் பொட்டலத்தை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, "முட்டை ஏதாவது இருக்கா?" என்றாள். கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருந்தன. நான் அச்சகத்துக்குக் கிளம்புகையில் அக்கா வேலியோரம் மறித்தாள்.

"டேய் தம்பி, உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு? காலங்காத்தால என் வாசலையும் சேர்த்துக் கூட்டிட்டா."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என் வாசப்படிப் பக்கம் தொடப்பத்தோட வந்தவளா அவ? எனக்கு என்னமோ சரியாப் படலடா."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்காலி போய்விடுமோ என்ற பதற்றத்தில் கை சும்மா இருக்கவில்லை என்று நினைத்தேன். ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைக் குத்தும்போது, "பார்த்து எடும்மா, நல்லா படிச்சிட்டு வந்திருக்கு" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன படிப்பு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முடிவு வந்தது. டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"இயோசினோஃபில் ஏறக்குறைய இல்லவே இல்லையே! நீங்க போன தடவை படுத்ததைப் பார்த்து, வேற மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."

"நான்தான் சொன்னேனே டாக்டர், நான் நல்லா இருக்கேன்னு."

"சந்தோஷம். போன வருஷக் கணக்கு இருக்குறதால அபாயமே இல்லன்னு எழுத முடியாது. இப்போதைக்கு அமைதியா இருக்கு, அதே வேலையைப் பார்க்கலாம்னு எழுதறேன். இன்னொண்ணு. உங்க இன்ஹேலர்ல ஸ்டீராய்டு கலந்திருக்கு. இந்த அணு இவ்வளவு கம்மியா இருக்குறவங்களுக்கு அதனால பெரிய பலன் இல்ல, நிமோனியா வர பயம்தான் கூடும். அதனால அது இல்லாத இன்ஹேலரா மாத்திடறேன்."

"நீங்க எதைக் குடுத்தாலும் இழுத்துக்கறேன்" என்று கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை முதல் வண்டிக்கு அவள் கொடுத்த அறிவிப்பில் இருந்த துள்ளலைக் கேட்டு, நேரக் காப்பாளர் இன்டர்காமில், "என்ன, வண்டி கல்யாணத்துக்கா போகுது?" என்றாராம்.

துள்ளல் நெடுநாள் நிற்கவில்லை. முதலில் கவனித்தவர் அவர்தான். ஒருநாள் மாலை நான் பேருந்துக்குக் காத்திருக்கும்போது மாடியிலிருந்து இறங்கி வந்து என்னை ஓரமாக இழுத்தார்.

"உங்க வீட்டம்மா ஊரையெல்லாம் முழுங்குறாங்க சார்."

"புரியலீங்க."

"கடைசி மேடை வண்டி இருக்கு பாருங்க. வழக்கமா வழியில இருக்குற எல்லா ஊரையும் சொல்லுவாங்க. போன வாரம் அதுல ரெண்டு ஊரைக் காணோம். இந்த வாரம் பாதி ஊரைக் காணோம். கேட்டா, 'அந்த ஊர்க்காரங்களுக்கு அவங்க ஊர் எங்க இருக்குன்னு தெரியும், நீங்க உங்க வேலையைப் பாருங்க'ங்கிறாங்க."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் என் வண்டிக்கான அறிவிப்பு வந்தது. கிளம்புமிடம், சேருமிடம், நன்றி. நடுவில் என் நிறுத்தம் இல்லை. நாங்கள் இத்தனை வருடம் குடியிருக்கும் இடத்தையே என் மனைவி அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

வீட்டில் கேட்டேன். "நம்ம ஸ்டாப்பை விட்டுட்ட."

"அங்க யாரு இறங்குறா? நீங்க ஒருத்தர். உங்களுக்கு வழி தெரியாதா?"

இதைச் சொல்வதற்குள் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினாள். மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாக்கியத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால் அந்த வரியை முறைத்துக்கொண்டு உட்காரமாட்டான். முந்தைய வரிக்குப் போவான். நானும் பின்னாலேயே போனேன். ஊர்கள் காணாமல் போனது இன்ஹேலர் மாறிய பிறகு. இன்ஹேலர் மாறியது ரத்த முடிவால். ரத்தத்துக்கு முன்னால் என்ன? ரொட்டிப் பொட்டலம், உப்பிய கன்னம், அக்கா வீட்டு வாசல். இதே பசியையும் உப்பலையும் ஓயாத கையையும் நான் அதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்களே, அந்த நாட்களில். அப்போது அவள் துணி மடிக்கவில்லை, பரணையே காலி செய்தாள்.

"அந்த மாத்திரை முழுசா முடிச்சியா நீ?"

"எந்த மாத்திரை?"

"உன்னை ராத்திரி பகலா தின்ன வெச்ச மாத்திரை."

அவள் என்னைப் பார்த்தாள். வண்டி எங்கே என்று பயணி நேரடியாகக் கேட்டுவிட்டால் வரும் முகம் அது.

"மிச்சம் வெச்சிருந்தேன்."

"அதை ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி..."

"போட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நர்ஸம்மா சொன்னாங்க, இந்த மாத்திரை உள்ள போனா அந்த அணு ஒரு நாள்ல காணாம போயிடும்னு. நான் சும்மா கேட்டு வெச்சுக்கிட்டேன்."

"அதனால டாக்டர் உன் மருந்தையே மாத்திட்டாங்களே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் நாற்காலிக்காகப் பண்ணேன். மூச்சுக்கு இது பதில் சொல்லும்னு யாரு கண்டா?"

மறுநாளே டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். உண்மையைச் சொன்னால் ரத்தத்தை மறுபடி எடுப்பார்கள், எண் ஏறும், கடிதம் மாறும், நாற்காலி போகும். "கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதானே? நாலு ஊரைக் குறைச்சுக்கிட்டா சரியாப் போச்சு." ஊர்ப்பட்டியல் சுருங்கச் சுருங்க எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று அவள் உண்மையாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள் என்பதுதான் வேடிக்கை. நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள், மூச்சு வாங்கி வாங்கி.

அவளை அசைத்தது நான் இல்லை. ஒரு பெட்டிக்காரர். தலைக்கு மேல் பெரிய தகரப் பெட்டியோடு வந்த ஒரு மனிதர், கூண்டின் சன்னலில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி எந்த மேடை என்று கேட்டார். அவள் சொன்னாள். ஆனால் பக்கத்து மேடை வண்டிக்கான அறிவிப்பில் ஊர்களை விழுங்கியிருந்ததால், இரண்டு வண்டியும் ஒரே வழியில்தான் போகிறது போலிருக்கிறது என்று அவர் அதிலேயே ஏறிக்கொண்டார். கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். மைக்கைப் பிடித்து, "பெட்டியோட ஏறுறவரே" என்று கூப்பிட வாயெடுத்தாள். காற்று இல்லை. இழுத்தாள், வரவில்லை. விரலால் மைக்கைத் தட்டினாள். நிலையம் முழுக்க டொக் டொக் என்று கேட்டது. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வண்டி நகர்ந்துவிட்டது.

மாடியிலிருந்து அதைப் பார்த்த நேரக் காப்பாளர், செருப்பு ஒன்று படியிலேயே கழன்று கிடக்க, ஓடி வந்து வண்டியை வாசலில் மறித்தார். பெட்டிக்காரர் ஒரு பக்கம் இறங்கினார். பெட்டி இன்னொரு பக்கம் இறங்கியது. பிறகு திட்டுவதற்காகவே கூண்டுக்கு வந்த நேரக் காப்பாளர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"மைக்கை வெச்சுக்கிட்டு ஊமையா உக்கார்றதுக்குப் பேரு வேலையா?" என்று அன்று அவளே என்னிடம் கேட்டாள். "அதுக்குக் கரப்பான் பூச்சியே தேவலைங்க. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர், போன பரீட்சைல நான் காப்பி அடிச்சுட்டேன்."

"எந்தப் பரீட்சை?"

"ரத்தப் பரீட்சை."

"யாரைப் பார்த்து அடிச்சீங்க, பக்கத்து படுக்கை ரத்தத்தையா?" என்று சிரித்தவர், மாத்திரைக் கதை முடிவதற்குள் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். கோபத்தை அடக்க அவருக்கு அதுதான் வழி போலும்.

"அந்த அணு இருக்குற நுரையீரலுக்குத்தான் உங்க பழைய இன்ஹேலர் நல்லா வேலை செய்யும். நீங்க அணுவை ஒளிச்சு வெச்சீங்க. இல்லன்னு நம்பி நான் மருந்தைப் பிடுங்கிட்டேன். உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருந்ததையே நீங்களும் நானும் சேர்ந்து தூக்கிப் போட்டிருக்கோம். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"ரத்தத்துல வர்ற எண் மார்க்கு இல்லம்மா. கூட இருந்தா உங்க மேல தப்புன்னு அர்த்தம் இல்ல. எந்த வண்டி வருதுன்னு தெரிஞ்சாதானே நான் சரியான மேடையில நிக்க முடியும்?"

தன் மொழியிலேயே தன்னைத் திட்டியது என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாலும் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன்.

பழைய இன்ஹேலர் திரும்பி வந்தது. மாத்திரையின் சாயம் உடம்பை விட்டு எப்போதோ போயிருந்தாலும், மூச்சு நிதானப்படட்டும் என்று சில வாரம் பொறுத்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை ரத்தம் எடுக்கும் பெண்ணிடம், "ஒண்ணுமே படிக்கல, சும்மா வந்திருக்கேன்" என்றாள். எண் நன்றாகவே ஏறியிருந்தது. போன வருடக் கணக்கையும் சேர்த்து டாக்டர் எழுத உட்கார்ந்தார்: அபாயம் அதிகம். புகை படாத இடத்தில் வேலை தர வேண்டும்.

"டாக்டர், பேசக் கூடாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"எழுதினா மட்டும் கேட்டுருவீங்களா?"

'பேசுவதற்குத் தடையில்லை' என்று ஒரு வரியைக் கூடுதலாக எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு, எதிர்பார்த்தபடி ரெக்கார்ட் ரூம் என்றார். அவள் வாய்ப் பேச்சு பேசாமல், அவரை அந்த அறைக்கு அழைத்துப் போனாள். சன்னலைத் திறந்தாள். அந்தப் பக்கம் பட்டறை. பழுது பார்த்த என்ஜின்களைச் சோதிக்க நாள் முழுக்க முறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு கருப்புப் புகை சுருள் சுருளாக உள்ளே வந்து மேனேஜரின் வெள்ளைச் சட்டையைச் சுற்றியது. அவர் இருமினார். அவளும் இருமினாள், அவளுடையதில் பாதி நடிப்பு என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

"அப்ப புகை இல்லாத இடம்னு இங்க எதுதான் இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

அவள் அவரை வெளியே அழைத்து வந்தாள். மேலே பார்த்தாள். மாடியில், நான்கு பக்கமும் மூடிய கண்ணாடிக்குப் பின்னால், நேரக் காப்பாளர் நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

அவர் போராடிப் பார்த்தார். அறை சின்னது என்றார். ஒயர் எட்டாது என்றார். "இவ்வளவு வருஷமா இன்டர்காம்ல கேட்டதே போதும் சார், அதுல ஒரு சுவிட்ச் இருந்துச்சு, அணைச்சுக்கலாம்" என்றார். ஒன்றும் எடுபடவில்லை. மின்பணியாளர் வந்து மைக்கின் ஒயரை மாடிக்கு இழுத்தார். சுழல் நாற்காலி நாலு பேர் தோளில் ஏறிப் போயிற்று. அதன் பின்னால் என் மனைவி, ஒவ்வொரு படியிலும் நின்று, இம்முறை காலண்டர் பார்க்காமல், வெளிப்படையாக மூச்சு வாங்கியபடி ஏறினாள்.

மாடியிலிருந்து பார்த்தால் நிலையம் மட்டும் இல்லை, நெடுஞ்சாலையில் இருக்கும் பாலம் வரை தெரியும். வரும் வண்டி பாலத்தில் ஏறுவதையே அவளால் பார்க்க முடிந்தது. அதன் விளைவாக அவள் தொழிலில் முதன்முறையாக ஒரு கோளாறு உண்டாயிற்று: அறிவிப்பெல்லாம் உண்மையாகிவிட்டது. டீ குடிக்க நேரம் இருக்கிறது என்று அவள் சொன்னால், நிஜமாகவே இருந்தது. பல வருடம் ஏமாந்து பழகிய பயணிகள் இதை நம்ப வெகுநாள் ஆயிற்று. டீக்கடைக்காரர் என்னிடம், "அம்மா மாடிக்குப் போனதுலேர்ந்து ஜனங்க உக்காந்து குடிக்கிறாங்க சார்" என்றார். ஊர்கள் எல்லாம் திரும்பி வந்தன. என் நிறுத்தமும் வந்தது. அதை மட்டும் இரண்டு முறை சொல்லுவாள்.

நேரக் காப்பாளர் முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பிறகு அதைக் காணோம். அவள் விடுப்பெடுத்த ஒருநாள் என் வீட்டுக்கே வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், எப்ப வர்றாங்களாம்?" என்று கேட்டுவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்.

டைம்டேபிளில் இல்லாத வண்டி அப்புறமும் வந்தது. முன்னைவிட அரிதாக, முன்னைவிட மெல்ல. ரத்தத்தின் எண்ணை டாக்டர் அவ்வப்போது பார்த்து, மருந்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டார். அவள் அந்த மாடியிலிருந்தே ஓய்வு பெற்றாள். கடைசி அறிவிப்பில் தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நேரக் காப்பாளரின் கைக்கடிகாரம் எப்போதும் சற்று மெதுவாக ஓடும் என்பதைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்து முடித்துக்கொண்டாள்.

இந்த வருடம் மழை தொடங்கியபோது வந்தது பெரிய வண்டி. மருத்துவமனையில், மூக்கில் குழாயோடு, தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். பிற்பகல். அக்கா வாசலில் நின்று நர்ஸோடு வாதாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்த்துவிட்டு, பழைய பாகில் தோய்த்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சாக, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். "நேரம் இருக்கு."

அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும்.

"பாலம் தெரியுதா அங்கேர்ந்து?" என்று கேட்டேன்.

மாட்டிக்கொண்டவள்போல உதட்டோரம் துடித்தது. நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டீ குடிக்கப் போகவில்லை.